வீட்டு மனையில் அக்கேசியா மரம்: தேர்வும் பராமரிப்பும்

விதையிட்ட மூன்றாம் ஆண்டிலேயே வீட்டுக் கூரையை எட்டி நிழல் தரும் மரங்கள் மிகச் சிலவே. அவற்றுள் அக்கேசியா ஒன்று. களிமண், மணல், செம்பாறை மண் ஆகிய எந்நிலத்திலும் அது வேர் ஊன்றுகிறது, உரம் கேட்பதில்லை, ஆடுமாடுகளும் அதன் தழையை அதிகம் நாடுவதில்லை. இக்காரணங்களால் வீட்டு முற்றத்திலும் பள்ளிக்கூட வளாகத்திலும் அதனை நட விரும்புவோர் பலர். கள ஊழியர்களிடமும் ஆசிரியர்களிடமும் அவர்கள் யோசனை கேட்பதும் உண்டு. அவ்வாறு கேட்போருக்கு முதலில் கூற வேண்டியது யாதெனில், அக்கேசியாவை வளர்ப்பது எளிது. வளர்ந்த பின் அதனைக் காப்பதே கடினம் என்பதாகும். ஆகையால் இம்மரத்தின் பராமரிப்பு, கன்றை வாங்குவதற்கு முன்பே, மனையை அளப்பதிலிருந்து தொடங்குகிறது.

பெயரும் இனங்களும்

அக்கேசியா என்னும் சொல் ஒரு மரத்தை மட்டும் குறிப்பதன்று. முன்னர் உலகெங்குமுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இப்பேரினத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டின் கருவேல், வெள்வேல், உடைமரம் எனப்படும் குடைவேல், கொடியாகப் படரும் சீயக்காய் ஆகிய யாவும் அதனுள் அடங்கியவை. இவை ஒரே குடிவழியைச் சேர்ந்தவை அல்ல என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனவே பேரினம் பிரிக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாடு, அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கே உரியதாக்கியது. நீண்ட வாதத்திற்குப் பின் 2011-ஆம் ஆண்டு மெல்போர்ன் மாநாடும் அம்முடிவை நிலைநிறுத்தியது. இதன்படி கருவேல் இப்பொழுது ‘வச்செல்லியா நைலோட்டிக்கா’ ஆகும். சீயக்காய் ‘செனகாலியா’ என்னும் பேரினத்தில் சேர்ந்துவிட்டது. பழைய பாடநூல்களில் ‘அக்கேசியா அராபிக்கா’, ‘அக்கேசியா நைலோட்டிக்கா’ என்று காணப்படுபவை கருவேலின் முந்தைய பெயர்களே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்குவது நலம்.

மற்றொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்து நிற்கும் சீமைக்கருவேலம், பெயரில் வேலைக் கொண்டிருப்பினும் அக்கேசியாவின் நெருங்கிய உறவன்று. அது அமெரிக்காவிலிருந்து வந்த ‘புரோசோபிஸ்’ வகையைச் சேர்ந்தது.

திருவனந்தபுரம் பகுதியில் பொதுமக்கள் ‘அக்கேசியா’ என்று சொல்லும்பொழுது, பெரும்பாலும் ‘அக்கேசியா ஆரிகுலிபார்மிஸ்’ என்னும் மரத்தையே குறிக்கின்றனர். வட ஆஸ்திரேலியா, பப்புவா நியூகினி, இந்தோனேசியா ஆகியவை அதன் தாயகம். முற்றிய காய்கள் சுருண்டு மனிதக் காதைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் அமைந்தது. இதற்கு முள் இல்லை. பூக்கள் மஞ்சள் நிறமான நீண்ட கதிர்களாக வரும். கருவேலின் பூக்களோ சிறு பந்துகளைப் போன்றவை. அதன் இளங்கிளைகளில் நேரான முட்கள் இணை இணையாக இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய இவ்வடையாளங்கள் போதும்.

கேரளத்தில் 1980-களில் உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ், இம்மரம் சாலையோரங்களிலும் புறம்போக்கு நிலங்களிலும் பெருமளவில் நடப்பட்டது. விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பதும் வெற்று நிலங்களைப் பசுமையாக்குவதும் அன்றைய நோக்கம். காலம் செல்லச் செல்ல இதன் குறைகளும் வெளிப்பட்டன. 2021-ஆம் ஆண்டு கேரள அரசு வகுத்த சூழல் மீட்புக் கொள்கை, காட்டு நிலங்களிலிருந்து அக்கேசியா, தைலமரம், வாட்டில் முதலிய அயல் மரத் தோட்டங்களைப் படிப்படியாக அகற்றி, இயற்கைக் காட்டை மீட்க வழி கூறுகிறது. முன்னர் அரசே நட்ட மரம் இன்று அரசே அகற்றும் மரமாயிற்று. வீட்டில் நட விரும்புவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

மரத்தின் இயல்பு

அக்கேசியாவின் விரைந்த வளர்ச்சிக்கு இரு காரணங்கள் முக்கியமானவை.

முதலாவது, வேர் முடிச்சுகள். அவரை, துவரைச் செடிகளைப் போலவே இம்மரத்தின் நுண்வேர்களிலும் சிறு முடிச்சுகள் உள்ளன. அவற்றில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மரம் ஏற்கும் வடிவில் மாற்றித் தருகின்றன. மரமோ அவற்றிற்குச் சர்க்கரைச் சத்தை அளிக்கிறது. முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். அது முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சாம்பல் அல்லது பழுப்பு நிறமாயின் அது செயலற்றது. இக்கூட்டுறவினால்தான் சத்தற்ற செம்பாறை மண்ணிலும் மரம் செழிக்கிறது.

இரண்டாவது, இலையின் அமைப்பு. விதையிலிருந்து முளைக்கும்பொழுது முதலில் தோன்றுவன வேலமரத்தின் இலையைப் போன்ற சிறகுக் கூட்டிலைகள். சில வாரங்களில் கூட்டிலைகள் குறைந்து, இலைக்காம்பே தட்டையாக விரிந்து இலையின் தொழிலை ஏற்கிறது. இதனை ‘இலைத்தொழில் காம்பு’ என்பர். முழு வளர்ச்சியடைந்த மரத்தில் இலை என்று காணப்படுவன யாவும் இத்தகைய காம்புகளே. அவை தடித்தவை, தோல் போன்றவை, வறட்சியைத் தாங்குபவை. ஒரே நாற்றில், ஒரே காம்பின் நுனியில் பழைய கூட்டிலையும் அடியில் புதிய தட்டைக் காம்பும் சேர்ந்து காணப்படுவதுண்டு. வகுப்பறையில் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த தாவரவியல் பாடம் அரிது.

இந்நலன்களுக்குரிய விலையும் உண்டு. தடித்த இலை எளிதில் மட்குவதில்லை. மரத்தின் கீழ் உதிர்ந்த சருகு அடுக்கடுக்காகச் சேர, பிற செடிகள் அங்கு முளைப்பது குறைகிறது. ஆண்டு முழுவதும் பசுமையாக நின்று விரைந்து வளரும் மரமாதலால், கோடையிலும் மண்ணின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். எல்லாவற்றினும் முக்கியமானது, கிளைகளின் வலுவின்மை. வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. கிளைகளோ பலத்த காற்றில் எளிதில் முறிகின்றன.

மகரந்தத்தைப் பற்றியும் மக்கள் கேட்பதுண்டு. இம்மரத்தின் மகரந்த மணிகள் தனித்தனியே பறப்பதில்லை. பல மணிகள் ஒட்டிய கட்டிகளாகவே வெளிப்படுகின்றன. ஆகவே புற்களின் மகரந்தத்தைப் போல நெடுந்தூரம் காற்றில் பரவுவதில்லை. எனினும் மரத்தின் அருகே வாழும் ஒவ்வாமையுள்ள சிலருக்குத் தொல்லை நேரலாம். வீட்டில் இழுப்பு நோயாளி இருப்பின் சன்னலருகே இதனை நடாதிருப்பதே முறை.

தம்பானூரில் மனையை அளத்தல்

இனி, குறிப்பிட்ட ஓரிடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது பயன் தரும். திருவனந்தபுரத்தின் நடுவிலுள்ள தம்பானூர் தாழ்ந்த நிலப்பகுதி. 1931-ஆம் ஆண்டு ரயில் பாதை இங்கு வரை நீட்டிக்கப்பட்ட பின்னர், ரயில் நிலையமும் பஸ் நிலையமும் கடைவீதிகளும் விடுதிகளும் நெருங்கி வளர்ந்தன. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வரும் தமிழர் பெரும்பாலோர் நகரில் முதலில் காலூன்றும் இடமும் இதுவே. ஆமையிழஞ்சான் தோடு இப்பகுதியின் வழியாகச் செல்கிறது. பெருமழையில் இங்கு நீர் தேங்குவது வழக்கம். 2015-ஆம் ஆண்டு ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்களைத் தூர் வாரும் பெரும்பணி இவ்வெள்ளத்தை முன்னிட்டே மேற்கொள்ளப்பட்டது.

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் உண்டு. இவ்வளவு ஈரமும் சூடும் கூடிய இடத்தில் அக்கேசியா பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 15 மீட்டர் உயரத்தை எட்டக்கூடும்.

இப்பொழுது கணக்கைப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். நகரத்தில் 5 சென்ட் மனை என்பது அரிய சொத்து. அதன் பரப்பு 202 சதுர மீட்டர். சதுரமாக அமைந்தால் ஒரு பக்கத்தின் நீளம் 14 மீட்டருக்குச் சற்றே அதிகம். மனையின் நட்டநடுவில் மரத்தை வைத்தாலும் எல்லைக்கு 7 மீட்டர் தூரமே. 15 மீட்டர் மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், சொந்த வீட்டின் மீதோ, அயலார் வீட்டின் மீதோ, தெருவின் மின்கம்பியின் மீதோதான் விழும். நீர் தேங்கி இளகிய மண்ணில், மேலோட்டமான வேர்களுடன், ஜூன் மாதக் காற்றை எதிர்த்து நிற்கும் மரம் இது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இதிலிருந்து பின்வரும் விதி பெறப்படுகிறது: மரம் எட்டக்கூடிய முழு உயரத்தின் அளவுக்கேனும் வீடு, கிணறு, மின்கம்பி, வழிப்பாதை ஆகியவற்றிலிருந்து விலகிய இடம் இருந்தாலன்றி, ஆஸ்திரேலிய அக்கேசியாவை நடுதல் கூடாது. தம்பானூரைப் போன்ற நெருக்கமான நகர்ப்பகுதியில் அத்தகைய இடம் இல்லை என்றே சொல்லலாம். நகருக்கு வெளியே, விறகும் மரமும் வேண்டி, கட்டிடங்களுக்கு எட்டாத தோட்டத்தின் ஓரத்தில் நடுவோர்க்கே இது பொருந்தும். அங்கும் காட்டின் அருகாமையைத் தவிர்த்தல் வேண்டும். விதையைச் சுற்றியுள்ள செம்மஞ்சள் நிறச் சதையை நாடிப் பறவைகள் விதைகளைத் தூரத்திற்குக் கொண்டு செல்கின்றன. நீலகிரியிலும் மூணாறிலும் பழனி மலையிலும், அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் எனும் உறவின மரம் புல்வெளிகளை விழுங்கிய வரலாறு எச்சரிக்கையாக நிற்கிறது.

சிறு மனைக்கு ஏற்றவை

வேலினத்தையே விரும்புவோர்க்குக் கஸ்தூரிவேல் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து நெடுநாளாக இந்நாட்டில் பழகிவிட்ட அச்செடி, பொதுவாக 3 முதல் 5 மீட்டர் உயரமே வளர்வது. நறுமணமுள்ள மஞ்சள் பூப்பந்துகளைத் தருவது. ஆனால் அதற்கு முட்கள் உண்டு. குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து விலக்கி, நீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் அல்லது அகன்ற தொட்டியில் நட்டு, ஆண்டுதோறும் கத்தரித்து வளர்க்க வேண்டும். அது தானே பரவும் இயல்புடையதாதலால் முற்றிய காய்களை அகற்றிவிடுவது அவசியம்.

கருவேலும் உடைமரமும் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகளின் வறண்ட நிலத்திற்கு உரியவை. அங்கு பெய்யும் மழை திருவனந்தபுரத்து மழையில் பாதிக்கும் குறைவு. அத்தகைய ஊர்களில் தோட்ட வேலியோரத்தில் அவை சிறப்பாக வளர்ந்து, காயும் தழையும் ஆடுகளுக்குத் தீனியாகவும், குச்சி பல் துலக்கவும், பட்டை தோல் பதனிடவும் பயன்படுகின்றன. நிழலும் மஞ்சள் மலரும் மட்டுமே வேண்டுமெனில், கேரளத்தின் மாநில மலராகிய கொன்றையைத் தரும் மரமே தம்பானூர் மனைக்குப் பொருத்தமானது.

விதை முதல் நடவு வரை

இடம் தகுதியானது என்று உறுதியான பின்னர்ச் செய்ய வேண்டியவை வருமாறு:

1. விதை நேர்த்தி: அக்கேசியா, வேல் ஆகியவற்றின் விதையுறை நீர் புகாத கடினமுடையது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதைகளின் மீது ஊற்றி, ஓரிரு நிமிடங்களில் வடித்துவிட்டு, குளிர்ந்த நீரில் ஒரு நாள் ஊறவிட வேண்டும். உப்பிய விதைகள் விதைப்பதற்குத் தயாரானவை. உப்பாதவற்றை மீண்டும் நேர்த்தி செய்யலாம். விதைகளை நீரிலிட்டுக் கொதிக்க வைத்தல் கூடாது, கரு இறந்துவிடும்.

2. நாற்று: மணல், செம்மண், மட்கிய தொழுவுரம் கலந்த பையில், பைக்கு இரண்டு விதைகள் வீதம், விதையின் பருமனளவு ஆழத்தில் இட வேண்டும். மார்ச்சு மாதத்தில் விதைத்தால் ஜூன் மழைக்கு நாற்று ஆயத்தமாகும். வளர்ந்த அக்கேசியா மரத்தடியிலிருந்து எடுத்த ஒரு பிடி மண்ணைக் கலவையில் சேர்ப்பதால், முடிச்சுகளை உண்டாக்கும் பாக்டீரியா நாற்றுக்குக் கிடைக்கிறது.

3. நடவு: 45 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழி போதும். பையைக் கிழித்து முற்றிலும் நீக்கிய பின்னரே நட வேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அச்சுருளை வெட்டிவிட வேண்டும். சுருண்ட வேருடன் நட்ட மரம் சில ஆண்டுகள் செழிப்பாகத் தோன்றி, பின்னர்க் காற்றில் வேரோடு சாய்கிறது.

4. நீரும் உரமும்: முதல் கோடையில், அதாவது டிசம்பர் முதல் மார்ச்சு வரை, வாரம் இருமுறை அடிவேர் நனைய நீர் விட்டால் போதும். இரண்டாம் ஆண்டு முதல் நீர் தேவையில்லை. யூரியா முதலிய நைட்ரஜன் உரங்கள் வேண்டா. அவற்றால் முடிச்சுகள் குறையும், கிளைகள் மேலும் மெலிந்து நீளும்.

கத்தரித்தல்

அக்கேசியாவின் பராமரிப்பில் பாதிக்கு மேல் கத்தரித்தலேயாகும். கன்று அடியிலேயே இரண்டு மூன்று தண்டுகளாகப் பிரியும் இயல்புடையது. முதல் ஆண்டில் நேரான ஒரு தண்டை நிறுத்தி ஏனையவற்றை நீக்க வேண்டும். இருதண்டுகள் கூர்மையான கவையாகச் சேருமிடமே, பின்னாளில் மரம் பிளக்கும் இடம்.

கிளைகள் விரல் பருமனாக இருக்கும்பொழுதே வெட்டினால் காயம் விரைவில் மூடிக்கொள்ளும். பெரிய கிளையை வெட்ட நேர்ந்தால் மூன்று வெட்டுகளாக வெட்ட வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்திற்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை இங்கே விழுந்துவிடும். எஞ்சிய கட்டையை, கிளை அடிமரத்துடன் சேருமிடத்திலுள்ள புடைப்புக்கு வெளியே அறுப்பது மூன்றாவது வெட்டு. முதல் வெட்டின்றி மேலிருந்தே வெட்டினால், கிளை தன் பளுவினால் அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு வீழும். அக்காயத்தின் வழியாகக் காளான் நுழைந்து வைரத்தை உளுக்கச் செய்யும். வெட்டுவாயில் தார் பூசுவதனால் இவ்வுளுத்தல் நிற்பதில்லை; வெட்டு சரியாக அமைதலே பாதுகாப்பு.

கத்தரிக்க ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச்சு வரை. மழைக்கு முன் பாரம் குறைந்திருத்தல் வேண்டும். மொட்டையாக உச்சியை வெட்டுதல் தவறு. அவ்வாறு வெட்டிய இடத்தில் துளிர்க்கும் கிளைகள் பட்டையோரத்திலிருந்து முளைப்பவையாதலால், முன்னிருந்தவற்றினும் வலுக்குறைந்தவை.

முன்னரே நிற்கும் மரங்கள்

புதிதாக நடுவோரைக் காட்டிலும், முன்பு நடப்பட்ட மரத்தினருகே வாழ்வோரே அதிகம். கள ஊழியர்கள் மே மாதத்திலேயே இம்மரங்களைப் பார்வையிட்டு, பின்வரும் அறிகுறிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்:

அடிமரம் புதிதாகச் சாய்ந்திருத்தல். சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்திருத்தல் அல்லது மேடாக எழும்பியிருத்தல். அடிப்பகுதியில் தட்டு வடிவக் காளான் தோன்றுதல். கவையில் நீளவாக்கில் பிளவு காணுதல். கட்டையால் தட்டும்பொழுது வெற்றுப் பானையின் ஓசை எழுதல். சாக்கடைக்காகவோ குழாய்க்காகவோ ஒரு பக்கத்து வேர் வெட்டப்பட்டிருத்தல்.

இவற்றுள் ஒன்று காணப்படினும் உரிமையாளருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் தெரிவிப்பது கடமையாகும். மின்கம்பியைத் தொடும் கிளையை வீட்டார் தாமே வெட்ட முயலுதல் கூடாது. மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அப்பணி நடைபெற வேண்டும். வடிகாலருகே உள்ள மரத்தின் சருகை மழைக்கு முன் கூட்டி அகற்றுவதும் தம்பானூர் போன்ற இடங்களில் மிக அவசியம். அச்சருகைச் சாணக் கரைசலுடன் அடுக்கிக் குழியிலிட்டால் நாளடைவில் நல்ல எருவாகும்.

பள்ளிக்கு ஒரு சோதனை

இருபது விதைகளை வெந்நீரில் நேர்த்தி செய்தும், இருபது விதைகளை நேர்த்தியின்றியும் இரு தட்டுகளில் விதைத்து, நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணிக் குறித்துவரச் செய்யலாம். முளைத்த நாற்றுகளில் எத்தனையாவது இலையில் காம்பு தட்டையாகத் தொடங்குகிறது என்பதையும் மாணவர் வரைந்து காட்டலாம். பின்னர் அளவு நாடாவுடன் பள்ளி வளாகத்தை அளந்து, இம்மரத்திற்கு அங்கு இடம் உண்டா என்பதை அவர்களே கணக்கிடட்டும்.

பல பள்ளிகளில் ‘இல்லை’ என்பதே விடையாகக் கிட்டும். அதனால் பாடம் வீணாகிவிடாது. கன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அது நிற்கப்போகும் உயரத்தை மனத்தால் காணக் கற்றவரே மரம் வளர்க்கத் தகுதியானவர். அப்பார்வை பழகினால், நடப்படும் மரமும் நிலைக்கும். அதன் கீழ் வாழ்வோரும் மழைக்காலத்தில் அச்சமின்றி உறங்குவர்.